மோசல் கரையில் கை நனைத்தவர் யார்?

1

என் மகளின் திருமணம் நிச்சயமாகிவிட்டதென்று கண்டிப் பக்கத்துக் கலகெதரையிலிருந்து ஓர் உறவினர் தொலைபேசியில் வாழ்த்துக் கூறினார். அது முறிந்துவிட்டதென்று திகனையிலிருந்து இன்னொருவர் ஆறுதல் கூறினார். இரண்டு அழைப்புகளும் ஒரே வாரத்தில் வந்தன. இருவருக்கும் செய்தி சொன்னவர் ஒருவரே என்பதை விசாரித்தறிந்தேன். அவர் என் மனைவி பாக்கியத்தின் தமையனார் தங்கராசு. பொய் சொல்லும் இயல்பு அவருக்கு இல்லை. ஆகவே இரண்டையும் மெய்யென்று நம்பியே சொல்லியிருப்பார். நானும் அவ்விரண்டையும் மாறிமாறி நம்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்நிலையில், கண்டியிலுள்ள உறவினருக்கும் நண்பருக்கும் முன்பு என்னிடம் தமிழ் படித்தவர்களுக்கும் பொதுவானதொரு விளக்கமாக இதனை எழுதுகிறேன். கண்ணாற் கண்டதையும் காதாற் கேட்டதையும் மட்டுமே எழுதுவேன். எனக்குப் பொருள் விளங்காத பேச்சை விளங்கவில்லை என்றே குறிப்பேன். ஒருவர் மனத்தில் என்ன நினைத்தார் என்பதை, அவர் வாய்திறந்து சொல்லாதவரை, எழுதமாட்டேன். அயல்நாட்டிலிருந்து ஊருக்கு எழுதுவோர் மலையை உயர்த்தியும் பனியை ஆழமாக்கியும் எழுதுவதுண்டு. மற்ற வேளைகளில் அதனாற் பெருந்தீங்கு விளைவதில்லை. இங்கோ ஒரு பெண்ணின் வாழ்வு பேச்சிலிருக்கிறது.

ஊரின் பெயரை எழுதவில்லை. சிற்றூராதலின் பெயரைச் சொன்னால் வீட்டையும் சொன்னதாகிவிடும். ஜெர்மனியில் மோசல் என்னும் ஆற்றின் கரையில், உரோமர் விட்டுச்சென்ற இடிபாடுகளும் அவற்றைச் சூழ்ந்து திராட்சைத் தோட்டங்களும் உள்ள பழைய ஊர் என்பது போதும்.

2

தங்கராசு, கண்டிக்குத் தெற்கேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றிற் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது கட்டுகஸ்தோட்டையில் மகனோடு வாழ்கிறார். அவரை இந்நாட்டுக்கு வரவழைத்தது என் மகள் தேன்மொழியின் பிறப்புச் சான்றிதழ். கண்டியிற் பிறந்த அவளை, பேச்சு வருமுன்பே நாங்கள் இங்கே தூக்கிவந்துவிட்டோம். திருமணம் பதிவு செய்யும் அலுவலகம், அண்மையில் வழங்கப்பெற்ற படியொன்று வேண்டுமென்றது. எங்களிடமிருந்த படி பழையதாகிவிட்டதாம். பிறந்தவளும் மாறவில்லை, பிறந்த நாளும் மாறவில்லை, படி மட்டும் எவ்வாறு பழையதாகும் என்று கேட்டேன். அலுவலர் பணிவோடு, "விதி அப்படி" என்றார். சுதந்திரத்துக்குப் பின், தோட்டத் தொழிலாளரான எங்கள் பெற்றோரிற் பலர் எந்த நாட்டுக் குடிகள் என்பதையே எந்த அலுவலகமும் சொல்லாதிருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். அலுவலகங்களோடு வாதாடுவதில்லை.

மைத்துனர் கச்சேரி என்னும் மாவட்ட அரசு அலுவலகத்திற் பலமுறை வரிசையில் நின்று, சிங்களத்திலுள்ள அந்தப் படியைப் பெற்று, தாமே எடுத்துவந்தார்.

"தபால்ல போட்டா வந்து சேருமோ, எங்க போய் முட்டிக்குமோ. தாய்மாமன் நான் இருக்கேன்ல, மாப்ள."

விமான நிலையத்தில் தேன்மொழி அவரிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கோ மாமா. நல்லாக் களைச்சுப் போனீங்களோ?" என்றாள். அவர் அவளைத் தலைமுதற் கால்வரை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினார்.

"என்னா மாப்ள, நம்ம புள்ள யாழ்ப்பாணத்துப் புள்ளயா மாறிருச்சு?"

"இங்க உள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் அந்தப் பக்கத்து ஆளுங்க, மச்சான்."

"ஒங்க வீட்லயே ஒரு வாத்தியார் இருந்தாரே, அவரு என்னா பண்ணுனாரு?"

அவ்வாத்தியார் வார இறுதிகளில் மருத்துவமனையொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். கண்டியிற் பிறர் பிள்ளைகளுக்கு வல்லினம் மிகுமிடமும் மிகாவிடமும் கற்பித்தவன், தன் பிள்ளைக்கு 'அம்மா, பசிக்குது' என்பதைக்கூடக் கற்பிக்கவில்லை. அவள் "அம்மா, பசிக்குதணை" என்றுதான் கேட்பாள். அதுவும் தமிழே, நல்ல தமிழே. எனினும் எங்கள் வீட்டு மேசைக்கு அது ஏதோ விருந்தாளி பேசுவதுபோல் இருக்கும்.

மருத்துவ ஆய்வுகூடத்திற் பணிபுரியும் தேன்மொழி, ஸ்டெஃபான் என்னும் இளைஞனை விரும்பினாள். திராட்சை பயிரிட்டு மது செய்யும் குடும்பத்தவன். எங்களுக்கும் பழக்கமானவன், பாக்கியத்தின் இடியப்பத்தை முறையாகப் பிசைந்து உண்பவன். இருவரும் நாள் குறித்துவிட்டதாகத் தேன்மொழி அறிவித்தாள். திருமணத்தின் பின் ஆய்வுகூட வேலையை விட்டு, அவனுடைய ஊருக்கே போய்த் தோட்டத்தைக் கவனிக்கப் போவதாகவும் சொன்னாள்.

"ஸ்டெஃபான்ர அம்மா அப்பா உங்களைக் காண வேணுமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருக்கினம். மாமாவையும்."

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சம்மதம் தரும் எண்ணத்துடனேயே நான் அந்த ஊருக்குப் போனேன். யாராவது ஒருவர் என்னைக் கேட்க வேண்டும் என்பது மட்டுமே என் ஆசை.

மைத்துனரின் நிலை வேறு. திருமணத்துக்குரிய சான்றிதழைத் தம் கையாலேயே மருமகளிடம் கொடுத்தவர், தாம் இன்னும் சம்மதிக்கவில்லை என்றார். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும் என்று பாக்கியம் கேட்டதற்கு, "அது கச்சேரி வேல. இது குடும்ப வேல" என்றார்.

3

அவர் சொன்ன குடும்ப வேலை எத்தகையது என்பதை அறிய, எங்கள் திருமணப் பேச்சுக்குப் போக வேண்டும்.

அப்போது எங்கள் வீடு கண்டி நகரில், கட்டுக்கலைப் பக்கத்து மேடொன்றில் இருந்தது. என் தாயார் ஹந்தானை மலையிற் கொழுந்து பறித்து என்னைப் படிக்கவைத்தவர். மழையிலும் பனியிலும் கூடைக் கயிற்றை நெற்றியிலே மாட்டி, சரிவில் ஏறி இறங்கி, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வரிசையில் நின்றவர். நான் ஆசிரியனானதும் அவரைத் தோட்டத்திலிருந்து நகருக்கு அழைத்துவந்தேன். கயிறு பதிந்த தழும்பு அவர் நெற்றியிலிருந்து இறுதிவரை மறையவில்லை.

பாக்கியத்தின் தந்தையாரும் தங்கராசுவும் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். முன்னறையிற் கதிரைகளில் அமர்ந்தார்கள். தாயார் உழுந்து வடை சுட்டு வைத்தார். அவர்கள் தொடவில்லை. எங்களவரிடையே வழக்கம் அது: பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால், பேச்சு முடியும்வரை கை நனைப்பதில்லை. அங்கே உண்பது சம்மதத்துக்கு அடையாளம். தண்ணீரும் அதில் அடங்கும் என்பர் கண்டிப்பானவர். தங்கராசு மிகவும் கண்டிப்பானவர். தேத்தண்ணீர் ஆடை படர்ந்து கிடந்தது.

என் தந்தையார் முறைப்படி, "பொண்ணு தாரீங்களா?" என்று கேட்டார். பெரியவர் வாய்திறக்குமுன் தங்கராசு குறுக்கிட்டார். அப்போது அவருக்கு மீசை சரியாக அடர்ந்திருக்கவில்லை.

"ஒரு வெசயம் தெரியணும். எங்க தங்கச்சிய மறுபடி கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்புவீங்களா?"

தந்தையார் திகைத்தார். அடுக்களைக் கதவின் மறைவிலிருந்து என் தாயாரின் குரல் வந்தது.

"இந்த வீட்ல கூடை என்னோட முடிஞ்சுருச்சு, தம்பி. சாப்புடுங்க. வடை ஆறுது."

தங்கராசு வடையை எடுத்துக் கடித்தார். எங்கள் திருமணம் நிச்சயமாயிற்று.

அந்த வாக்குத் தவறவில்லை. பாக்கியம் கூடை சுமக்கவில்லை. இந்நாட்டுக்கு வந்தபின், அலுவலகக் கட்டடமொன்றைத் துப்புரவு செய்ய, மாடிக்கு மாடி தண்ணீர் வாளி சுமந்தாள். வாளியைப் பற்றித் தமையனார் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வரும் ஏறிய புகைவண்டி ஆற்றோரமாகவே சென்றது. இரு கரையிலும் மலைகள். மலைகளெங்கும் நிரை பிடித்து நட்ட கொடிகள். மைத்துனர் சாளரத்தில் முகத்தைப் பதித்திருந்தார். பிறகு, "நம்ம பக்கம் மாதிரியே இருக்கு. ஆனா நம்ம பக்கம் இல்ல" என்றார். கண்டியை விட்டு வந்த இத்தனை காலத்தில் நான் எழுதிய எந்தக் குறிப்பிலும் இவ்வளவு துல்லியமாக எழுதியதில்லை.

நிலையத்தில் ஸ்டெஃபான் காத்திருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் இடிபாடுகளைக் காட்டினான். பாதி நிற்கும் வாயில், குளியற்கூடத்தின் அடித்தளம், அதற்கப்பால் ஒன்றுக்கொன்று தாழ்வாகக் கட்டிய கற்றொட்டிகள். தொட்டிகளருகே ஒரு பலகை இருந்தது.

"சாராயம் காய்ச்சுன எடமா?" என்று மைத்துனர் கேட்டார்.

"இல்ல மச்சான். பழத்த மேல் தொட்டியில போட்டுக் காலால மிதிச்சிருக்காங்க. சாறு கீழ் தொட்டிக்கு ஓடி வந்திருக்கு."

"யாரு மிதிச்சது?"

பலகையை மறுபடியும் படித்தேன். பேரரசரின் பெயர் இருந்தது. தொட்டியின் நீள அகலங்கள் இருந்தன. அகழ்ந்தெடுத்த அறிஞரின் பெயரும் இருந்தது.

"அது போடல, மச்சான்."

"போட மாட்டாங்க" என்று சொல்லி அவர் நடந்தார்.

அன்று ஞாயிறாயினும், மழை வருமென்ற அச்சத்தால் ஒரு சரிவில் அறுவடை நடந்தது. மைத்துனர் அச்சரிவின் அடியில் நின்று, மேற்பார்வைக்கு வந்தவர்போல் இரு கைகளையும் பின்னாற் கட்டிக்கொண்டார்.

"நெரை நல்லாப் புடிச்சிருக்காங்க. கவ்வாத்துதான் மோசம். செடிய இடுப்பு ஒசரத்துக்கு வெட்டி விடாம, இப்புடியா வளர விடுவாங்க?"

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியைத் தறித்துவிடும் வேலை. தேன்மொழி இதனை ஸ்டெஃபானுக்கு மொழிபெயர்த்தாள். அவன் சிரித்துவிட்டு, தான் கிளை தறிப்பதைப் பற்றித் தன் தந்தையும் இதையேதான் சொல்வார் என்றான்.

"பழம் பறிக்கிறவங்க யாரு? இந்த ஊர்க்காரங்களா?"

"இல்லை மாமா. போலந்திலயிருந்து வருவினம். அறுவடை முடியத் திரும்பிப் போயிடுவினம்."

"திரும்பிப் போக விடுறாங்களா?" என்றார் மைத்துனர். அவள் அக்கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை. கொழுந்து பறிக்கக் கடல் கடந்து வந்து, ஊர் திரும்பாமலே போன எங்கள் பாட்டன்மாரைப் பற்றி நான் விளக்கவில்லை.

அப்போது சரிவிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். முதுகில் உயரமான கூடையொன்றைத் தோள்வார்களால் மாட்டியிருந்தார். வண்டியருகே வந்து, உடலைச் சாய்த்து, தலைக்கு மேலாகப் பழங்களைக் கொட்டினார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களை நோக்கிக் கையை நீட்டினார். அவர் வெர்னர், ஸ்டெஃபானின் தந்தை, அத்தோட்டத்தின் உரிமையாளர்.

மைத்துனர் அக்கையைக் குலுக்கினார். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்:

"இவருதான் தொரையா? தொரை ஏன் கூடை தூக்குறாரு?"

"இங்க எல்லாரும் தூக்கிறவை, மாமா" என்றாள் தேன்மொழி. "போன வருஷம் நானும் தூக்கினனான்."

பாக்கியம் அருகிலிருந்த கற்சுவரின்மேல் உட்கார்ந்தாள்.

"போன வருசம் லீவுக்குத் தோழிங்களோட கடற்கரைக்குப் போறேன்னு சொன்னியே?"

"போனனான் அம்மா. அங்கயிருந்து இஞ்சயும் வந்தனான்."

"கூடையவா தூக்குன?"

"ஓம். பாரம்தான். ஆனா மேல நிண்டு ஆத்தைப் பாக்க அவ்வளவு நல்லா இருக்கும், அம்மா."

மைத்துனர் அவள் நெற்றியைப் பார்த்தார். இங்குள்ள கூடைக்கு நெற்றிக் கயிறு இல்லை. அவர் எதைத் தேடினார் என்று சொல்லவில்லை. ஆகவே நானும் எழுதவில்லை.

"இந்தா புள்ள, மாமனுக்கு ஒன்னு சொல்லு. கல்யாணம் கட்டி இந்த ஊருக்கு வந்தா, நீ தொரசாணியா, கொழுந்துக்காரியா?"

"ரெண்டும்தான் மாமா."

"ரெண்டும் எப்புடி? ரெண்டும் ஒருத்தியா இருக்க முடியாதே. மாப்ள, நீங்க சொல்லுங்க. நம்ம மலையில யாராவது ரெண்டுமா இருந்தாங்களா?"

யாருமில்லை. எங்கள் மலையிற் கூடை சுமப்பவர் வேறு, பங்களாவில் இருப்பவர் வேறு. இடையே உள்ள படிகளை யாரும் ஏறியதை நான் கண்டதில்லை. தங்கராசு சொன்னது பிழையென்று தோன்றவில்லை. தேன்மொழி சொன்னதும் பிழையென்று தோன்றவில்லை. மலையடியில் நின்ற அந்நேரத்தில், என் சம்மதம் எங்கே இருக்கிறதென்று என்னிடமே தேடிப்பார்த்தேன். காலையிற் புறப்படும்போது இருந்தது.

5

வீடு கல்லாற் கட்டியது. நீண்ட மேசையில் வெள்ளை விரிப்பு. வெர்னரின் மனைவி ஹெல்கா, நாங்கள் மாட்டிறைச்சி உண்பதில்லை என்று முன்பே கேட்டறிந்து, உருளைக்கிழங்குச் சூப்பும் ஆற்றுமீனும் ரொட்டியும் செய்திருந்தார். வெர்னர் குளித்து வெள்ளைச் சட்டை அணிந்து வந்து, தம் கையாற் செய்த மதுவை எல்லாருடைய கிண்ணங்களிலும் ஊற்றினார். கிண்ணத்தை உயர்த்தி ஏதோ கூறினார். அவ்வூர்ப் பேச்சில் 'வரவேற்கிறோம்' என்பதொன்றே எனக்கு விளங்கியது.

மைத்துனர் கைகளை மடியில் வைத்திருந்தார். பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் மைத்துனரைப் பார்த்தேன்.

"பேச்சு முடியலயே, மாப்ள" என்றார் அவர்.

நாங்கள் மூவரும் தொடவில்லை. ஸ்டெஃபான் வீட்டாரும் தொடவில்லை. விருந்தினர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். சூப்பிலிருந்து ஆவி எழுந்தது.

"அப்பா, என்ன இது? சாப்பிடுங்கோ. உங்களுக்காண்டி விடியவே எழும்பிச் சமைச்சவ."

வழக்கத்தை அவளுக்குத் தாழ்ந்த குரலில் விளக்கினேன்.

"அப்ப, சாப்பிடாட்டி வேண்டாம் எண்டு அர்த்தமோ?"

"இல்லம்மா. இன்னும் சொல்லலன்னு அர்த்தம்."

"ஆர் சொல்ல வேணும்?"

"நாங்கதான். ஆனா அவங்க கேக்கணும்."

"உங்களை ஏன் கேக்க வேணும்? ஸ்டெஃபான் என்னைக் கேட்டவர். நான் ஓம் எண்டு சொல்லிட்டன்." சொன்னபின் தன் சொல்லின் கடுமையை உணர்ந்தவள்போல் என் முழங்கையைத் தொட்டாள். "அப்பா, இஞ்ச ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை. அவைக்குத் தெரியாது."

அவளிடம் பிழையில்லை. கேட்கப்பட வேண்டும் என்ற என் ஆசையும் பிழையன்று. கேட்கும் வழக்கமில்லாத வீட்டில், கேள்விக்காகக் காத்திருந்தேன்.

மைத்துனர் பொறுமையிழந்தார். "அவங்க கேக்காட்டி நம்ம கேப்போம். அன்னிக்கு ஒங்க வீட்ல கேட்டதுதான். எங்க புள்ளயக் கூடை தூக்க விடுவாங்களா? கேளுங்க, மாப்ள."

எனக்கிருக்கும் ஜெர்மன் மொழி, அலுவலகங்களிற் கற்றது. ஆகவே அலுவலக நடையிலேயே வெர்னரிடம் கேட்டேன்: எங்கள் மகள் இங்கே கூடை சுமக்க நேருமா என்பதை அறிய அவளுடைய தாய்மாமன் விரும்புகிறார்.

வெர்னரின் முகம் மலர்ந்தது. எனக்காகப் பொதுமொழியில் மெதுவாகப் பேசினார். அதனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. இந்த வீட்டில் எல்லாரும் சுமப்பார்கள். என் தாய் சுமந்தாள். முழங்கால் கெடும்வரை ஹெல்கா சுமந்தாள். உங்கள் மகளும் சுமந்தாள், நன்றாகச் சுமந்தாள்.

அப்படியே மைத்துனருக்குச் சொன்னேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மாற்றியிருக்கலாமோ என்று பாக்கியம் பின்னர் என்னைக் கேட்டாள்.

"முழங்கால் கெடுறவரைக்குமா!" என்றார் மைத்துனர். "நல்ல பதில். பெருமையா வேற சொல்றாரு."

ஹெல்கா கலங்கினார். சூப்புப் பிடிக்கவில்லை போலும் என்று மீனை எங்கள் பக்கம் நகர்த்தினார். தொடவில்லை. மது கூடாதோ என்று தண்ணீர் கொண்டுவந்தார். தொடவில்லை. இறுதியில் உள்ளே போய், முகம் ஒளிர, தேநீர் கொண்டுவந்தார். பையின் நூல் நுனியிலிருந்த தாளில் நம் நாட்டின் பழைய பெயர் இருந்தது.

"அண்ணே" என்று பாக்கியம் காதோடு சொன்னாள், "நம்ம தேத்தண்ணியேதான்."

"யாரு ஊத்துனதுன்னு பாரு" என்றார் அவர்.

"அன்னிக்கு அந்த வடை ஆறிப்போச்சுன்னு அத்த பிற்பாடு அழுதாங்களாம். ஒனக்குத் தெரியுமா?"

மைத்துனரின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

6

அறை குளிர்ச்சியாகவே இருந்தது. எனினும் அவர் சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. விரல்கள் நடுங்கின. "ஒன்னுமில்ல" என்று சொல்ல முயன்றார், சொல் குழறியது.

எழுந்தவர்களில் வெர்னரே முதல்வர். கதிரை பின்னே விழுந்ததையும் பாராமல், மேசையைச் சுற்றி ஓடிவந்து, மைத்துனரின் தலையைத் தம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். "சர்க்கரை!" என்று கத்தினார். ஸ்டெஃபான் கீழ்த்தளத்துக்குப் பாய்ந்தான். தேன்மொழி சமையற்பக்கம் ஓடி, வரிசையாக இருந்த இழுப்பறைகளில் ஒன்றை, கண்ணை எங்களிடமிருந்து எடுக்காமலே இழுத்தாள். அதிற் கரண்டிகள் இருந்தன.

ஸ்டெஃபான் கொண்டுவந்தது அன்று காலை பிழிந்த திராட்சைச் சாறு, இன்னும் மதுவாகாதது. தேன்மொழி முதலிற் கரண்டியால் ஊட்டினாள். பிறகு கிண்ணத்தை வாயில் வைத்தாள். மைத்துனர் பருகினார், கிண்ணம் வெறுமையாகும்வரை பருகினார்.

காலையில், நீரிழிவு மாத்திரையை வெறுந்தேத்தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் புறப்பட்டிருக்கிறார். சம்பந்தி வீட்டுக்குப் போகும் நாளில் வயிறு நிறைய உண்டு போவது மரியாதையன்றாம். அங்கே போயும் உண்ணக்கூடாது. உண்ணாமற் போகவும் வேண்டும். இவ்விரு விதிகளுக்கிடையே மாத்திரையை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

சிறிது நேரத்தில் முகம் தெளிந்தது. வெர்னர் இன்னும் அவர் தோளை விடவில்லை. ஒரு கையாலேயே தம் சட்டைப்பையைத் துழாவி, மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். மைத்துனர் அதனை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். தம் பையிலிருந்ததை எடுத்து அதனருகே வைத்தார். நிறம் வேறு, மருந்து ஒன்றே.

"இவருக்கும் சுகரா? மாப்ள, வைன் பண்ற மனுசனுக்கே சுகரா! முருகா!"

மைத்துனர் சிரித்தார். எதற்கென்று அறியாமலே வெர்னரும் சிரித்தார். ஹெல்கா கண்களைத் துடைத்துக்கொண்டு சூப்பை மீண்டும் சூடாக்கப் போனார்.

"நீ எல்லாருக்கும் பொதுவா சொல்லிடு, புள்ள" என்றார் மைத்துனர். "நான் குடிச்சது மருந்துக்கு. கணக்குல சேராது."

"சரி மாமா. இப்ப சூப்பைக் குடியுங்கோ. சாறு மட்டும் காணாது, சுகர் திரும்பவும் இறங்கும்."

"அதுவும் மருந்துக்குத்தானே?"

"ஓம், மருந்துக்குத்தான்."

அவர் சூப்பைப் பருகினார். மீனையும் உண்டார். இரண்டாம் முறையும் சூப்புக் கேட்டார். அது மருந்துக்கா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. வெர்னர் அவரருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, அவ்வூர்ப் பேச்சில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இவர் மலைநாட்டுத் தமிழில் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தேன்மொழி இருவருக்கும் நடுவே குனிந்து நின்று மொழிபெயர்த்தாள். கூடையைப் பற்றிய பேச்சு மறுபடி எழவில்லை.

கலகெதரைக்கும் திகனைக்கும் சென்ற இருவேறு செய்திகள் இந்தச் சூப்பிலிருந்தே பிறந்தன என்று ஊகிக்கிறேன். இஃது ஊகம் என்பதையும் குறித்துக்கொள்க.

7

அவர்கள் எல்லாரும் மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். இந்தப் பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன்.

தேன்மொழி பாராமலே திறந்த இழுப்பறையை நினைத்தேன். ஒரு வீட்டில் கரண்டி எங்கிருக்கிறதென்று கைக்குத் தெரிய வேண்டுமானால், அந்தக் கை அவ்வீட்டில் எத்தனையோ முறை நனைந்திருக்க வேண்டும். அவளுக்காகக் கை நனைக்காமல் நான் காத்திருந்தேன். எதைக் காத்தேன் என்பது விளங்கவில்லை. தாயாரின் நெற்றியும் நினைவுக்கு வந்தது. 'கூடை என்னோட முடிஞ்சுருச்சு' என்று அவர் சொன்னது தம் மருமகளைக் குறித்தா, பேத்தியையும் சேர்த்தா? பேத்தி தானே விரும்பித் தூக்கினால், அந்தச் சொல்லை மீறியவள் அவளா, தடுக்காத நானா? அல்லது, வேறொருவரின் மலையிற் சுமப்பதை மட்டுமே அவர் கூடை என்றாரா? கேட்க அவர் இல்லை.

என்னை இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை என்பது மட்டும் தெளிவாயிற்று. நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து, ஆறிப்போன என் சூப்பிலே தோய்த்து, வாயிலிட்டேன். உப்புக் குறைவு. மென்று விழுங்கினேன். பிறகு தேத்தண்ணீரையும் ஒரு வாய் பருகினேன், அதுவும் ஆறியிருந்தது.

ஒரு தந்தையாக நான் செய்யவேண்டிய முதன்மையான கடமையொன்றை அவ்வாறு செய்து முடித்தேன். யாரும் கிண்ணத்தை உயர்த்தவில்லை. அந்தப் பக்கத்திற் சிரிப்பொலி கேட்டது. மைத்துனர் ஏதோ சொல்லி, தேன்மொழி மொழிபெயர்த்து, வெர்னர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

மாலையில் புகைவண்டியிற் பாக்கியத்திடம் சொன்னேன். "எப்ப சாப்பிட்டீங்க? நான் பாக்கலியே" என்றாள். தான் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள். மைத்துனர் எதிரிருக்கையில் உறங்கினார். தேன்மொழி எங்களோடு வரவில்லை. மறுநாளும் அறுவடை இருந்தது.

உறுதியாகத் தெரிந்தவை இவை: சான்றிதழ் மொழிபெயர்க்கப்பட்டு ஏற்கப்பட்டது. பதிவு அலுவலகத்தில் நாள் குறித்தது குறித்தபடியே உள்ளது. மைத்துனர் நலமாக ஊர் திரும்பினார். வெர்னர் அவருக்கென்று திராட்சைச் சாறு கொடுத்தனுப்பினார். அதனைக் கட்டுநாயக்க விமான நிலையத்திற் பறித்துக்கொள்ளவில்லை.

தெரியாதவை இவை: மைத்துனர் பருகியது மருந்தா, சம்மதமா என்பது தெரியாது, அவரைக் கேட்டேன், தமக்கும் தெரியாது என்றார். நான் மகளுக்குச் சொன்ன வழக்கத்தை, அவள் அந்த வீட்டாருக்குச் சொன்னாளா என்பது தெரியாது. அன்று நான் உண்டதைத் தேன்மொழி கண்டாளா என்பதும் தெரியாது. அவளைக் கேட்கலாம். கேட்டால், என் மனம் நோகாதிருக்க, "ஓம் அப்பா, கண்டனான்" என்று அவள் சொல்லிவிடக் கூடும். அதைச் சரிபார்க்க என்னிடம் வழியில்லை.